இன்டர்வியூவில "டெட்லைன் நெருக்கினா எப்படிச் சமாளிப்பீங்க?" எண்டு கேட்டா என்ன சொல்றது?

களுவாஞ்சிகுடித்_தென்றல்

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு டவுனில ஒரு நிதி நிறுவனக் கிளைக்குக் கணக்கு உதவியாளர் வேலை. வாற செவ்வாய் நேர்முகம், மூண்டு பேர் இருப்பாங்களாம். "குறுகிய காலக்கெடுவுக்குள்ள வேலை செய்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்க" எண்டு கட்டாயம் கேப்பாங்களாம். நான் எழுதி வைச்சிருக்கிற பதில் இது. பிழை இருந்தா ஒளிக்காமச் சொல்லுங்க.

"நான் அழுத்தத்தின் கீழும் நன்றாக வேலை செய்வேன். முன்பு வேலை செய்த இடத்தில் மாத முடிவில் சம்பளப் பட்டியல் அவசரமாகத் தயாரிக்க வேண்டி வந்தது. ஒருவர் லீவில் இருந்தார். நாங்கள் இரவு பகலாகப் பாடுபட்டு எப்படியோ முடித்துக் கொடுத்தோம். இதுவரை ஒரு காலக்கெடுவும் தவறியதில்லை."

சம்பளமேசை

தங்கச்சி, ஐந்தே ஐந்து வசனம். ஒவ்வொண்டாப் பார்ப்பம்.

முதல் வசனத்தை அப்படியே வெட்டுங்க. "அழுத்தத்தின் கீழ்" எண்டு நம்மட வாயில வாறதில்ல, அது ஒண்டு. மற்றது, அது வெறும் சொல். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க அண்டைக்கு அதைப் பத்துப் பேரிட்டக் கேட்டிருப்பாங்க. நேராச் சம்பவத்துக்கு வாங்க.

"அவசரமாக" எண்டா எவ்வளவு? எத்தனை பேருக்குச் சம்பளம், வழமையா எத்தனை நாள், அந்த மாதம் எத்தனை நாள்? பனலில (நேர்முகக் குழுவில) இருக்கிறவங்க பேனையை எடுக்கிறதே இலக்கம் வந்தாத்தான். உதாரணத்துக்கு "30 பேர், வழமையா நாலு நாள், அந்த மாதம் ஒண்டரை நாள்" எண்டு ஒருத்தர் சொன்னா உடனே நிமிர்ந்து பார்ப்பாங்க.

"ஒருவர் லீவில் இருந்தார்." உங்கட பதிலில இருக்கிற ஒரே உயிருள்ள விசயம் இதுதான், ஆனா போற போக்கில சொல்லிட்டுப் போறீங்க. அவர் செய்யிற பங்கு எது? லீவு எடுக்கப் போறார் எண்டு உங்களுக்கு எப்ப தெரியும்? தெரிஞ்ச உடனே யாரிட்டச் சொன்னீங்க?

நாலாவது வசனத்தில மூண்டு பிழை. "நாங்கள்" எண்டா நீங்க எங்க? "இரவு பகலாக" எண்டா நேரத்தை முன்கூட்டி எண்ணல்ல எண்டுதான் ஒரு முகாமையாளருக்கு விளங்கும். மூண்டாவதுதான் மோசம்: "எப்படியோ". காசு புழங்கிற இடத்தில "எப்படியோ முடிச்சம்" எண்டா "சரிபார்க்காமக் குடுத்தம்" எண்டுதான் காதில விழும்.

கடைசி வசனத்தை நீங்க சொல்லி வாய் மூட முதல் அடுத்த கேள்வி வரும்: "அப்ப தவறின ஒண்டைச் சொல்லுங்க." அதுக்குப் பதில் இருக்கா?

அந்த மாதம் உண்மையில என்ன நடந்தது எண்டு திகதியோட எழுதுங்க. அலங்காரம் வேணாம், திகதியும் இலக்கமும் போதும்.

கடலோரக்_கணக்கு

சம்பளமேசை அக்கா சொன்னதில ஒண்டுக்கு மட்டும் எனக்கு உடன்பாடில்ல. "ஒண்டும் தவறியதில்லை" எண்டு சொல்றது உண்மையா இருந்தா அதைச் சொல்றதில என்ன பிழை? தன்னம்பிக்கையைத்தானே தேடுறாங்க.

அதோட ஒரு குறிப்பு. அரச வேலைகளில சில பதவிகளுக்கு நேர்முகம் எண்டது சான்றிதழ் சரிபார்க்கிறதோட முடிஞ்சிரும், சிலதுக்குப் புள்ளித்திட்டம் இருக்கும். அங்க இந்தக் கேள்வி வாறது குறைவு. வங்கி, நிதி நிறுவனம், தொண்டு நிறுவனம், ஆடைத் தொழிற்சாலை, தனியார் கொம்பனி, இங்கதான் இது வரும்.

சம்பளமேசை

புள்ளித்திட்டம் பற்றிச் சொன்னது சரி அண்ணே. மற்றதுக்கு வாறன்.

உண்மையா இருந்தாலும் சொல்ல வேணாம் எண்டதுக்குக் காரணம் இதுதான். கணக்கு வேலையில எல்லாக் கெடுவும் ஒரே பாரமில்ல. ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பணம் அடுத்த மாதத்தின்ட கடைசி வேலை நாளுக்குள்ள கட்டணும். பிந்தினா மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில தொடங்கி, இழுபட்டா 50 வீதம் வரைக்கும் போகும். ஈடிஎஃபுக்கும் (ஊழியர் நம்பிக்கை நிதி) அதே கடைசி நாள்தான். சம்பளத்தில கழிக்கிற ஏபிஐடி வரி அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள்ள. வட் (பெறுமதி சேர்) வரி 20க்குள்ள. இதெல்லாம் கல்லில எழுதின மாதிரி. ஆனா முகாமையாளர் "வெள்ளிக்கிழமை தாங்க" எண்டு கேட்ட உள்ளக அறிக்கை திங்களுக்குப் போனா ஒண்டும் கவிழாது. எதை நகர்த்தலாம், எதை நகர்த்தக் கூடாது எண்டு தெரிஞ்சவர், ஈபிஎஃபைக் காப்பாத்துறதுக்காக உள்ளக அறிக்கையை ஒருக்காவது பிந்த விட்டிருப்பார். ஒண்டையும் பிந்த விடல்ல எண்டா ஒண்டில் வேலை இலேசு, இல்லாட்டி பிந்தினதை மறந்துட்டார். பனலுக்கு ரெண்டும் வடிவில்ல.

கணக்கு வேலைக்குப் போறவங்க இந்தத் திகதிகளை வாய்ப்பாடமா வைச்சிருங்க. வீதமும்தான். அடிப்படைச் சம்பளம் 60,000 எண்டா ஊழியர் பங்கு 8 வீதம் 4,800, தொழில்தருநர் பங்கு 12 வீதம் 7,200, ஈடிஎஃப் 3 வீதம் 1,800. டெட்லைன் கேள்விக்குப் பதில் சொல்லும்போது "அந்தக் கிழமை ஈபிஎஃப் கட்ட வேண்டிய கடைசி நாளும் இருந்தது, அதால அதை முதல் முடிச்சன்" எண்டு ஒரு வரி வந்தா, தொழில் தெரிஞ்ச ஆள் எண்டு தனியாச் சொல்லத் தேவையில்ல.

களுவாஞ்சிகுடித்_தென்றல்

நன்றி அக்கா. அந்த மாதம் 2024 மே. மூண்டு கடை, மொத்தம் 46 பேர். வழமையா 20ஆம் திகதி பின்னேரம் வரவுப் பதிவு (வேலைக்கு வந்த நாள், ஓவர்டைம்) வரும், 24 வங்கிக்குக் கோப்பு, 25 சம்பளம். அந்த மாதம் 23 வியாழன் வெசாக், 24 வெள்ளியும் லீவு, 25 சனி. அதால 22 புதன் சம்பளம் விழணும், கோப்பு 21 செவ்வாய் பகலுக்குள்ள வங்கிக்குப் போகணும். 14ஆம் திகதி கலண்டரைப் பார்க்கக்குள்ள கண்டு கணக்காளரிட்டச் சொன்னன். என்னோட வேலை செய்யிறவர் 16இல இருந்து லீவு கேட்டிருந்தார். கணக்காளர் வரவை 16ஓட மூடச் சொன்னார், மிச்ச நாலு நாள் ஓவர்டைம் அடுத்த மாதத்துக்கு. ரெண்டு கடைப் பதிவு வெள்ளி காலமை வந்தது. மூண்டாவது கடை கையால எழுதுற கொப்பி, சனிதான் வந்தது. செவ்வாய் 11 மணிக்குக் கோப்புக் குடுத்தம். மறுகா ரெண்டு பேருட ஓவர்டைம் பிழைச்சது தெரிஞ்சு, ஜூனில திருத்தினம்.

இதெல்லாம் சொல்லலாமா? பிழைச்சதையுமா?

சம்பளமேசை

தங்கச்சி, இவ்வளவும் கையில வைச்சிக்கிட்டு "எப்படியோ" எண்டு எழுதியிருக்கீங்களே!

உங்கட பதிலின்ட நெஞ்சு "14ஆம் திகதி" எண்ட சொல்லுதான். மாதத்தில ஒரு போயாவாவது (பௌர்ணமி லீவு) வரும், வெசாக்குக்கு மட்டும் மறுநாளும் லீவு எண்டது எல்லாருக்கும் தெரியும். ஆனா 25ஆம் திகதிச் சம்பளத்தை 14ஆம் திகதி எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? டெட்லைன் கேள்வியில பனல் தேடுறது இதைத்தான்: நேரம் காணாது எண்டு உங்களுக்கு எப்ப விளங்கினது, விளங்கின உடனே வாயைத் திறந்தீங்களா. கண்முழிச்ச கணக்கு அவங்களுக்குத் தேவையில்ல.

பின்னுக்கு இருந்து எண்ணிக் காட்டுங்க. புதன் 22 சம்பளம். செவ்வாய் 21 பகல் வங்கி. அப்ப திங்கள் பின்னேரம் கணக்காளர் கையெழுத்து வைக்கணும். அப்ப திங்கள் பகலுக்குள்ள 46 பேருட கணக்கும் சரிபார்த்து முடியணும். ஒருத்தருக்கு வரவு, ஓவர்டைம், கழிவு பார்க்க எட்டு நிமிசம் எண்டு வைங்க: 46 பெருக்கல் 8, 368 நிமிசம், ஆறு மணித்தியாலம் சொச்சம். 20ஆம் திகதி திங்கள் பின்னேரம் பதிவு வந்தா இந்த ஆறு மணித்தியாலத்தை வைக்க இடமே இல்ல. இதைச் சொல்லிட்டு "அதனால பதிவை முன்னுக்கு எடுக்கச் சொல்லிக் கேட்டேன்" எண்டா கதை தானா நடக்கும்.

பிழைச்ச ரெண்டு பேரை நிச்சயமாச் சொல்லுங்க. எங்க பிழைச்சது, கையெழுத்துக் கொப்பியிலயா?

களுவாஞ்சிகுடித்_தென்றல்

ஓம் அக்கா. 1ஐயும் 7ஐயும் மாத்தி வாசிச்சிட்டன்.

சம்பளமேசை

அப்ப அதுவும் பதிலுக்குள்ள வரட்டும். "கையெழுத்துப் பதிவில 1, 7 மாறிப் போனது, அடுத்த மாதத்தில இருந்து அந்தக் கடைக்குத் தட்டச்சுப் படிவம் குடுத்தோம்" எண்டு சொல்லலாம், உண்மையிலேயே குடுத்திருந்தா மட்டும். குடுக்கல்லயா, திருத்தினதோட நிப்பாட்டுங்க. இல்லாததைச் சேர்த்தா ரெண்டாவது கேள்வியில கால் தடக்கும்.

சாய்ந்தமருது_அலை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கட்டட வேலைப் பக்கம், டீ.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) வேலைக்குப் போற தம்பிமாருக்கும் இது உதவும் என்டு எழுதுறன்.

கிழக்கில இந்தக் கேள்வி ஒரு தனி வடிவத்தில வரும். அரசாங்கத்துட நிதியாண்டு டிசம்பர் 31ஓட முடியுது. நம்மட மழையும் அதே நேரம்தான். நவம்பர், டிசம்பரில அடிச்சுப் பெய்யக்குள்ளதான் "வருசம் முடிய முதல் பில் போடணும், சிலாப் இன்னும் போடல்ல, என்ன செய்வீங்க?" என்டு கேக்கிறது.

இதுல விழுற பொறி, "ஆளைக் கூட்டி, இரவும் வேலை செய்து முடிப்பேன்" என்ட பதில். ஆளைக் கூட்டினா பலகை அடிக்கிறது கெதியா முடியும், கம்பி கட்டுறது கெதியா முடியும். கொங்கிரீட் இறுகுறதுக்கு ஆள் தேவையில்ல, நாள்தான் தேவை. ஏழு நாள் தண்ணி விடணும். சிலாப்புக்குக் கீழ முட்டு பதினாலு நாளாவது நிக்கணும். கொங்கிரீட்டுட பலம் பார்க்கிற 28 நாள் கியூப் டெஸ்ட் 28ஆம் நாள்தான். "அஞ்சு நாளில முட்டைக் கழட்டுவேன்" என்டு சொன்ன ஆளை அந்த இடத்திலேயே பனல் கழிச்சிரும், கழிக்கவும் வேணும். கீழ நிக்கிறது மனிசன்.

சரியான பதில் கணக்குத்தான். பில் அளந்து எழுத மூணு நாள். சிலாப்புக்குக் கீழ பூச்சு நாலு நாள். முட்டு பதினாலு நாள். மொத்தம் 21. அப்ப டிசம்பர் 10தான் கொங்கிரீட் போடுற கடைசி நாள். நத்தார், ஞாயிறு, மழைக்கு நாலு நாள் கையில வைச்சா டிசம்பர் 6. இந்தத் திகதியை வாயால சொல்லிட்டு, "நவம்பர் நடுப்பகுதியில மழை நிலவரத்தைப் பார்த்து 6ஆம் திகதி தவறும் என்டு தெரிஞ்சா, பொறியியலாளருக்கு எழுத்தில அறிவிச்சு, எந்த வேலை வரைக்கும் இந்த வருசப் பில்லில அளக்கலாம் என்டு கேப்பேன். அதுக்கிடையில சிலாப் காயுற நாளில சுவர்ப் பூச்சு, கதவு நிலை, வெளி வடிகான் போன்றதை ஓட விடுவேன்" என்டு சொல்லுங்க. எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்க ஏலாது என்டு பிரிச்சுக் காட்டினாப் போதும்.

நூற்கண்டு

நானா சொன்னதே எங்கட ஆடைத் தொழிலிலயும். அம்பாறைப் பக்கம் சூப்பர்வைசர், புரொடக்ஷன் எக்ஸிகியூட்டிவ் வேலைக்குப் போறவங்களுக்கு ஒரு பேப்பரும் பேனையும் தந்து கேப்பாங்க: "3,000 பீஸ், ஷிப்மென்டுக்கு நாலு நாள். உங்கட லைனில 20 ஓப்பரேட்டர். என்ன செய்வீங்க?"

பேசத் தொடங்கிறதுக்கு முதல் ரெண்டு கேள்வி கேளுங்க. எஸ்எம்வி (ஒரு பீஸ் தைக்கக் கணக்கிட்ட நிமிசம்) எவ்வளவு, லைன் எஃபிஷன்சி (வேலை நேரத்தில எத்தனை வீதம் பீஸா வெளிய வருது) எவ்வளவு? கேக்காமப் பதில் சொன்னாலே ஒரு புள்ளி போச்சு. எஸ்எம்வி 12 நிமிசம், எஃபிஷன்சி 60 வீதம் எண்டு சொன்னாங்க எண்டு வைங்க. 20 பேர், ஒருத்தருக்கு நாளைக்கு 540 நிமிசம், பெருக்கினா 10,800. அதில 60 வீதம் 6,480. 12ஆல பிரிச்சா ஒரு நாளைக்கு 540 பீஸ். புது ஸ்டைல் எண்டா முதல் நாள் பாதிதான் வரும், 270.

நாலு நாளும் தையலுக்குக் கிடைக்காது. இறுதிப் பரிசோதனைக்கு எல்லாம் தைச்சு முடிஞ்சு, 80 வீதமாவது பெட்டியில இருக்கணும். அதால நாலாவது நாள் பரிசோதனைக்கும் பொதிக்கும். தையலுக்கு மூண்டு நாள். ஒரு லைன்: 270, 540, 540, மொத்தம் 1,350. ரெண்டு லைன் போட்டா 2,700. முன்னூறு குறையுது. ரெண்டு மணித்தியாலம் ஓவர்டைம் சேர்த்தா நாளைக்கு 660, முதல் நாள் 330. ஒரு லைன் 1,650, ரெண்டு லைன் 3,300. முடியும், முன்னூறு பீஸ் கையிலயும் இருக்கும், டெமேஜுக்குக் காணும்.

இவ்வளவையும் ரெண்டு நிமிசத்தில பேப்பரில போட்டுக் காட்டலாம். மறுகா ஒரு வசனம்: "மணித்தியாலத்துக்கு எத்தனை பீஸ் எண்டு எழுதுற போர்டை முதல் நாள் பகல் 11 மணிக்குப் பார்ப்பேன். எதிர்பார்த்ததில பாதிகூட வரல்ல எண்டா, எந்த ஒப்பரேஷனில தேங்குது எண்டு பார்த்து அங்க ஒரு ஆளைக் கூட்டுவேன், அண்டைக்கே பிளானிங்குக்குச் சொல்லுவேன்." நாலாம் நாள் பின்னேரம் போய்ச் சொல்ற சூப்பர்வைசருக்குத் தொழிற்சாலையில இடமில்ல, ஏனெண்டா அதுக்குப் பிறகு மிச்சம் விமானத்தில அனுப்புறது மட்டும்தான், அந்தச் செலவு லாபத்தை விழுங்கிரும்.

ஏறாவூர்ப்_பொடியன்

நான் ஏ/எல் (உயர்தரம்) முடிச்சு டிப்ளோமா மட்டும். வேலை செய்த அனுபவமே இல்ல. என்னட்டக் கேட்டா எதைச் சொல்ற?

படுவான்கரை

தம்பி, சம்பளம் வாங்கின வேலைதான் அனுபவம் எண்டில்ல. நகர்த்தவே ஏலாத நேரத்துக்கு முடிக்க வேண்டியிருந்த ஏதும் ஒரு பொறுப்பு இருந்தாப் போதும். நம்மட ஊரில அதுக்குப் பஞ்சமா? நோன்புக் கஞ்சி காய்ச்சிப் பின்னேர அஸர் தொழுகையோட பங்கிடுற வேலையில நிண்டிருந்தா அதைச் சொல்லுங்க. நோன்பு திறக்கிற நேரம் ஒரு நிமிசமும் பின்னுக்குப் போகாது. அரிசி எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டணும், வரிசையை எத்தனையாப் பிரிச்சீங்க, சட்டியோட வந்தவங்களுக்குக் காணாமப் போன நாள் என்ன செய்தீங்க? மாமாங்கக் கோயிலில ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குத் தொண்டு செய்தவங்க தண்ணிப் பந்தல், சனத்தை ஒழுங்குபடுத்தினது பற்றிச் சொல்லலாம். தீர்த்தமும் மறுநாளைக்குப் போகாது. கொலிஜ் செயற்திட்டம் எண்டாலும் பரவாயில்ல. ஆனா "நாங்க எல்லாரும் சேர்ந்து" எண்டு தொடங்காம உங்கட கைக்கு வந்த துண்டை மட்டும் சொல்லுங்க.

தொண்டு நிறுவன வேலைக்குப் போறவங்களுக்கும் ஒண்டு. "வெள்ளம், 48 மணித்தியாலத்துக்குள்ள 500 குடும்பத்துக்கு உலருணவு" எண்டு ஒரு கற்பனை நிலைமை தருவாங்க. பொதி கட்டுறதில இருந்து தொடங்குவாங்க அனேகம் பேர். அதுதான் இலேசான பகுதி. அரிசி 5 கிலோ, மா 2, சீனி 1, பருப்பு 1, தேயிலை சவர்க்காரம் சில்லறை ஒரு கிலோ எண்டு வைச்சா பொதி 10 கிலோ, 500 பொதி 5 தொன். மூண்டு நிமிசத்துக்கு ஒரு பொதி எண்டு கட்டினா பத்துப் பேர் ரெண்டரை மணித்தியாலத்தில முடிப்பாங்க.

நேரம் தின்னுறது மற்றதுகள். கிராம சேவகரிட்டப் பயனாளிப் பட்டியல், பிரதேச செயலகத்தில அனுமதி, மூண்டு விலைமனு. இதெல்லாம் இன்னொருத்தர்ட கையில இருக்கு, நீங்க ஓடி முடிக்க ஏலாது. அதால முதல் மணித்தியாலமே இந்த மூண்டையும் ஒண்டாத் தொடங்கணும். பட்டியல் வந்த உடனே அடையாள அட்டை இலக்கத்தை வரிசைப்படுத்தி இரட்டைப் பதிவைப் பாருங்க. ஒரே குடும்பம் வீட்டு விலாசத்திலயும் முகாம் பட்டியலிலயும் இருக்கும். இதைப் பார்க்காமப் போனா, கடைசி அம்பது குடும்பம் வரிசையில நிக்கக்குள்ள பொதி இருக்காது. மறுகா போக்குவரத்து. வெல்லாவெளி, மண்டூர்ப் பக்கம் றோட்டு மூழ்கினா லொறி போகாது, உழவு இயந்திரமோ தோணியோ வேணும். அதையும் முதல் நாளே பேசி வைக்கணும். இந்த வரிசையைச் சொல்லிட்டு, "24ஆவது மணித்தியாலத்தில அனுமதி வரல்ல எண்டா அனுமதி வந்த பிரிவுகளுக்கு மட்டும் முதல் குடுப்பேன், மிச்சத்துக்கு முகாமையாளரிட்ட முடிவு கேப்பேன்" எண்டு நிப்பாட்டுங்க.

கடலோரக்_கணக்கு

படுவான்கரை சொன்ன "நாங்க" பற்றி இன்னும் கொஞ்சம் கதைக்கணும். இது நம்மட பாசைக்குள்ளயே இருக்கிற பொறி. "நான் செய்தேன்" எண்டு சொல்ல நமக்குக் கூச்சம், தற்பெருமை மாதிரி இருக்கும். அதால "செய்தம்", "முடிச்சாச்சு", "அனுப்பப்பட்டது" எண்டு ஆளில்லாம வினையை ஓட விடுறம். வீட்டில அது மரியாதை. நேர்முகத்தில, "அப்ப நீங்க என்ன செய்தீங்க?" எண்டு குறுக்க கேக்க வைக்கும். அந்தக் கேள்வி வந்தாலே ஓட்டம் உடைஞ்சிரும்.

எழுதின பதிலை எடுத்து ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் கீழ கோடு போடுங்க. யார் செய்தது எண்டு பக்கத்தில எழுதுங்க. உங்கட பேர் வாற இடத்தில "நான்". மற்றவர் செய்ததுக்கு அவர்ட பதவி: "கணக்காளர் முடிவெடுத்தார்", "கடை முகாமையாளர் அனுப்பினார்". இப்படிப் பிரிச்சாத் தற்பெருமையும் இல்ல, மறைப்பும் இல்ல.

மற்றது, மேலதிகாரியிட்ட "காணாது" எண்டு சொன்ன விதம். நம்மட பக்கத்தில பெரியாக்கள் கேட்டா "ஓம் சேர், பார்ப்பம்" எண்டு சொல்லிப் பழக்கம். "அதிகாரி ஏலாத நேரம் தந்தா என்ன செய்வீங்க?" எண்டு கேக்கிறது அதுக்குத்தான். "முடியாது எண்டு சொல்லுவேன்" எண்டாலும் பிழை, "எப்படியும் முடிப்பேன்" எண்டாலும் பிழை. சொல்ல வேண்டிய வடிவம் இப்படி: "சேர், மூண்டு கிளைக் கணக்கும் எண்டா வியாழன் வரும். செவ்வாய்க்கே வேணும் எண்டா ரெண்டு கிளைக் கணக்கை முழுசாத் தரலாம், மூண்டாவதுக்குத் தோராயத் தொகை போடலாம். எது உங்களுக்குச் சரி?" தெரிவு அவர்ட கையில. ஆனா தெரிவைத் தயாரிச்சது நீங்க.

"ஒண்டும் தவறியதில்லை" பற்றி நான் மேல சொன்னதை வாபஸ் வாங்குறன். ஈபிஎஃப் உதாரணம் சரியா இருக்கு.

களுவாஞ்சிகுடித்_தென்றல்

இன்னொரு சந்தேகம். "இரவு எத்தனை மணி வரைக்கும் நிக்கலாம்?" எண்டு பொம்பிளைப் பிள்ளைகளிட்ட கட்டாயம் கேக்கிறாங்களாம். "எவ்வளவு நேரமும்" எண்டு சொல்லாட்டி வேலை தரமாட்டாங்களா?

சம்பளமேசை

அப்படிச் சொல்லவே வேணாம். சொன்னா முதல் மாதமே அதைப் பிடிச்சுக் கேப்பாங்க. கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. ஓவர்டைம் கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல போகக் கூடாது, சம்பளம் ஒண்டரை மடங்கு. பனலில இதை ஒப்புவிக்கத் தேவையில்ல, மனசில வைச்சிருந்தாப் போதும்.

பதில்: "மாத முடிவில மூண்டு நாலு நாள் வேலை கூடும் எண்டு தெரியும், அந்த நாட்களில பிந்தி நிக்கலாம். களுவாஞ்சிகுடிக்குப் போகணும், அதால கடைசி பஸ்ஸுக்கு முந்தி முடியிற மாதிரித் திட்டமிடுவேன். அதுக்கும் பிந்தினா அலுவலகத்தில போக்குவரத்து ஒழுங்கு எப்படி?" கேள்வியோட முடிக்கிறது முக்கியம். அவங்க தாற பதிலில அந்த இடத்தைப் பற்றி உங்களுக்கும் தெரிய வரும். போக முதல் கடைசி பஸ் எத்தனை மணிக்கு எண்டு சரியாக் கேட்டு வைச்சுக்கொள்ளுங்க, "ஆறரை மட்டில" எண்டு இழுக்காதீங்க.

படுவான்கரை

நேரம் பற்றியும் ஒண்டு. பதில் ஒண்டரை நிமிசத்தில இருந்து ரெண்டு நிமிசம். ஃபோனில ஒலிப்பதிவு செய்து கேளுங்க. மூண்டு நிமிசத்தைத் தாண்டினா நிலைமையை விளக்கிறதிலதான் நேரம் போயிருக்கும், அதை ரெண்டு வசனமாக் குறைங்க. சொல்லுக்குச் சொல் பாடமாக்க வேணாம், நடுவில ஒரு கேள்வி கேட்டா மறந்து போகும். திகதி நாலும் இலக்கம் மூண்டும் மட்டும் பாடம். கொழும்பில இருந்து ஸூமில ஒருத்தர் இங்கிலீசில கேப்பார் எண்டா, அந்தத் திகதியையும் இலக்கத்தையும் இங்கிலீசில சத்தமாச் சொல்லிப் பழகுங்க. அனேகம் பேர் தடக்கிறது அங்கதான்.

களுவாஞ்சிகுடித்_தென்றல்

மாத்தி எழுதிட்டன். பாருங்க:

"2024 மே மாதம் மூன்று கடைகளில் 46 பேருக்குச் சம்பளப் பட்டியல் தயாரித்தேன். வழமையாக 20ஆம் திகதி வரவுப் பதிவு வந்து 25ஆம் திகதி சம்பளம் போகும். அந்த மாதம் 23, 24 வெசாக் விடுமுறை, 25 சனி. 14ஆம் திகதி இதைக் கண்டேன். பின்னுக்கு எண்ணிப் பார்த்தால் 21 செவ்வாய் பகலுக்குள் வங்கிக்குக் கோப்புப் போக வேண்டும், சரிபார்க்க ஆறு மணித்தியாலம் தேவை, திங்கள் பின்னேரம் பதிவு வந்தால் இடமில்லை. என்னோடு வேலை செய்பவர் 16இல் இருந்து லீவு. 14ஆம் திகதியே கணக்காளரிடம் சொன்னேன். வரவை 16ஓடு மூடி, மிச்ச ஓவர்டைமை அடுத்த மாதம் கொடுக்க அவர் முடிவெடுத்தார். நான் மூன்று கடைக்கும் அறிவித்தேன். இரண்டு கடையின் 31 பேரை வெள்ளிக்கிழமை முடித்தேன். மூன்றாவது கடையின் பதிவு சனிக்கிழமைதான் வந்தது, அந்த 15 பேரைத் திங்கள் காலையில் முடித்தோம். செவ்வாய் 11 மணிக்குக் கோப்புக் கொடுத்தேன், புதன்கிழமை 46 பேருக்கும் சம்பளம் விழுந்தது. பிறகு இரண்டு பேரின் ஓவர்டைமில் 1ஐ 7 என்று வாசித்திருந்தது தெரிந்தது, ஜூன் சம்பளத்தில் திருத்தினேன்."

சம்பளமேசை

வடிவா இருக்கு தங்கச்சி. ஒரு இடம் மட்டும்: "திங்கள் காலையில் முடித்தோம்." மற்றவர் லீவில எண்டு முதலே சொல்லிட்டீங்க. அப்ப அந்த "முடித்தோம்" எண்டது யார் யார்?

களுவாஞ்சிகுடித்_தென்றல்

ஐயோ, கோடு போட்டுப் பார்த்தும் விட்டுப்போச்சு. கொப்பியை நான் வாசிக்க, அந்தக் கடை முகாமையாளர் ஃபோனில ஒவ்வொரு பேரையும் உறுதிப்படுத்தினார். இப்படி மாத்திட்டன்: "மூன்றாவது கடையின் 15 பேரைத் திங்கள் காலையில் நான் வாசித்துச் சரிபார்த்தேன், கடை முகாமையாளர் ஃபோனில் வேலை நாட்களை உறுதிப்படுத்தினார். ஓவர்டைம் மணித்தியாலத்தை அவரிடம் கேட்கவில்லை, பிழைத்தது அங்கேதான்."